பொட்டு வைத்த மருந்து

“ஆபரேட்டர் மிஸ்டேக், மிஸ்டர் பாஷா. நூத்துக்கு நூறு ஆபரேட்டர் மிஸ்டேக்.”

“ஆபரேட்டர்னு நீங்க சொல்றது, உங்க மனைவிக்கு மருந்து ஏத்தின நர்ஸை?”

“யார் கையால வேலை நடக்குதோ அவங்கதான் ஆபரேட்டர். எங்க கம்பெனியில ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆச்சுன்னா நான் மிஷினைக் கேக்க மாட்டன், மெட்டீரியலைக் கேக்க மாட்டன். அந்த ஷிப்டுல நின்னது யாருன்னு கேப்பன். இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட என் கணிப்பு தப்பினதில்ல.”

“அப்ப உங்க வீட்டம்மா இதுல பீஸா, மிஷினா, மெட்டீரியலா சார்?”

மூன்றாவது குரல் ஜன்னலோரத்திலிருந்து வந்தது. அங்கே ஒரு இளம்பெண் ஸ்டூலில் உட்கார்ந்து கொய்யாப்பழத்துக்கு மிளகாய்த்தூள் தடவிக்கொண்டிருந்தாள். வந்தவர் அவளை ஒருமுறை பார்த்தார். ரிஜெக்ட் செய்யும்போது பார்க்கும் பார்வை.

“இவங்க யாரு?”

“வினோதா. என் உதவியாளர்” என்றார் மெஹபூப் பாஷா. “நான் கேக்கக் கூச்சப்படற கேள்வியெல்லாம் அவ கேப்பா. அதுக்குத்தான் வெச்சிருக்கன்.”

ஹோசூர் பாகலூர் ரோட்டில் ஒரு பரோட்டாக் கடைக்கு மேலே இருந்தது அந்தத் துப்பறியும் அலுவலகம். மத்தியானமானால் சால்னா வாசனை மாடிப்படி ஏறி வரும். பாஷா முன்பு ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர். எரியாத லாரிகளும் சாகாத மனிதர்களும் அவருக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்திருந்தனர்: மேஜையைத் தட்டிப் பேசுகிறவனிடம் ஆதாரம் இருக்காது. எதிரே இருந்தவர் இதுவரை நான்கு முறை தட்டியிருந்தார்.

அவர் பெயர் வெங்கட். சிப்காட்டில் வண்டிகளுக்கு எலக்ட்ரிக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி மேனேஜர். அயர்ன் கலையாத சட்டை, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. லீவு நாளிலும் அந்த அட்டையைக் கழற்றாத மனிதர்களைப் பாஷா ஒரு தனி இனமாகவே கருதினார். அட்டை இல்லாவிட்டால் தாங்கள் யாரென்று மறந்துபோய்விடுமோ என்ற பயம் அவர்களுக்கு.

“மறுபடியும் சொல்லுங்க. மேஜையை விட்டுட்டு” என்றார் பாஷா.

வெங்கட் சொன்னது இதுதான். அவர் மனைவி சுசித்ராவுக்கு வாஸ்குலைட்டிஸ். உடம்பைக் காக்க வேண்டிய செல்கள் அதே உடம்பின் ரத்தக் குழாய்களையே எதிரி என்று நினைத்துத் தாக்கும் நோய். மூக்கில் ஆரம்பித்தது, நுரையீரலைத் தொட்டது, இப்போது கிட்னியின் வாசலில் நிற்கிறது. டாக்டர் ஒரு பயாலஜிக் மருந்தை எழுதினார். தவறு செய்கிற செல்களை மட்டும் தேடிப் பிடித்து அழிக்கும் ஊசி மருந்து. இரண்டு தவணை. வெங்கட்டே பெங்களூர் போய் வாங்கி வந்து கொடுத்தார். முதல் தவணை ஏறியது. ரத்தத்தைப் பரிசோதித்தால் அந்தச் செல்கள் ஒன்றுகூடக் குறையவில்லை.

“உப்புத் தண்ணி ஏத்தினாலும் இப்படித்தான் இருக்கும். அதான் நடந்திருக்கு. தமிழ்செல்வின்னு அந்த நர்ஸ். ஒரிஜினலை எடுத்து வெளிய வித்துட்டு, உப்புத் தண்ணி ஏத்தியிருக்கா. ஆஸ்பத்திரில சொல்லி வேலையை விட்டு நிறுத்தியாச்சு. திங்கக்கெழமை போலீஸ்ல கம்ப்ளெயிண்ட். அதுக்குள்ள யார்கிட்ட வித்தான்னு நீங்க கண்டுபிடிச்சுத் தரணும்.”

“வித்தாளான்னு கண்டுபிடிக்க வேணாமா?”

“அது நானே கண்டுபிடிச்சுட்டன்.”

“வாங்கின நாள்லேர்ந்து ஏத்தின நாள் வரைக்கும் மருந்து எங்க இருந்துச்சு?”

“என் கண்ட்ரோல்ல.”

“கண்ட்ரோல்னா?”

வெங்கட்டின் கண்கள் ஒரு கணம் சுவரிலிருந்த காலண்டருக்குப் போய்த் திரும்பின. “வீட்டு ஃப்ரிட்ஜ்ல. ரெண்டுலேர்ந்து எட்டு டிகிரிக்குள்ள. டெம்பரேச்சர் பத்தி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம்.”

அவர் படியிறங்கிப் போனதும் வினோதா கொய்யாவைக் கடித்தாள். “இந்த ஆளு கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணை வெர்னியர் வெச்சு அளந்து பாத்திருப்பாரு சார்.”

“அளந்தாதான் பரவால்லயே. இந்த ஆளு முடிவை மொதல்ல எழுதிட்டு அப்புறம் அளக்கற ஜாதி. அவனுங்களுக்கு ஸ்கேல் எதுக்குன்னா, அடுத்தவன் தலையில தட்டறதுக்கு.”

“அந்த மருந்து என்னா சார், அவ்ளோ நாசூக்கு?”

“மாத்திரை மாதிரி இல்ல. உயிருள்ள செல்லுங்களை வளர்த்து, அதுலேர்ந்து எடுக்கற புரதம். முட்டை வெள்ளைக் கரு மாதிரின்னு வெச்சிக்கோ. சூடு பட்டாலும் போச்சு, உறைஞ்சாலும் போச்சு. குலுக்கக்கூடக் கூடாது.”

“இது மருந்து இல்ல சார். வீட்டோட மாப்பிள்ளை.”

*

மத்திகிரியில் இருந்த வெங்கட்டின் வீட்டுக்குப் போகும் ஆட்டோவில் பாஷா தமிழ்செல்விக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டார்.

“இன்னும் என்னாங்க சார் கேக்கணும்? யூனிபாரத்தைக் கழட்டி வெச்சுட்டுப் போன்னு சொல்லிட்டாங்க. வார்டுல எல்லாரும் நிக்கறாங்க, அந்த ஆளு என் ஹேண்ட்பேகைக் கொட்டிப் பாக்கறாரு. சீப்பும் பஸ் பாஸும் விழுந்துச்சு. மருந்தைச் சீப்புலயா ஒளிச்சு வெப்பன்?”

“மருந்து பாட்டில் எப்படி இருந்துச்சும்மா?”

“மூடி சீல் எல்லாம் சரியா இருந்துச்சு. மருந்து தண்ணி மாதிரி தெளிவு. கலங்கல் இருந்தா நான் தொடவே மாட்டன். அந்தம்மாவுக்கு நரம்பு கெடைக்காது சார். ஸ்டீராய்டு போட்டுப் போட்டுத் தோலு காகிதமா ஆயிருச்சு. ரெண்டு நர்ஸுங்க குத்திக் குத்திக் கையெல்லாம் கன்னிப் போச்சு. நான்தான் ஒரே குத்துல போட்டன். அதுக்குத்தான் இந்த மரியாதை.”

“வேற ஏதாவது வித்தியாசமா?”

“அவரு கொண்டு வந்த அட்டைப் பெட்டிங்கள்ல ஒண்ணு மேல பொட்டு வெச்சிருந்துச்சு. சந்தனம், குங்குமம். ‘பொட்டு வெச்ச மருந்தை இப்பத்தான் பாக்கறன்’னு சிரிச்சன். அந்த ஆளு மொறைச்சாரு.”

பாஷா போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார்.

“ஆயுத பூஜையப்ப வெச்சிருப்பாங்க சார்” என்றாள் வினோதா. “எங்க வீட்ல மிக்ஸி, சைக்கிள், டிவி ரிமோட் எல்லாத்துக்கும் வெப்போம். ஒரு வருஷம், தூங்கினு இருந்த எங்க சித்தப்பாவுக்கும் வெச்சோம்.”

“ஓடாத மிஷினுக்கு எதுக்கு?”

“அப்படியாவது ஓடுவார்னுதான்.”

*

வாடகை வீடுதான், ஆனால் சுவரெல்லாம் வெங்கட்தான் இருந்தார். சமையலறையில் ‘எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வை’. குளியலறைக் கதவில் ‘நீர் சேமிப்பு நம் பொறுப்பு’. செருப்பு வைக்கும் இடத்தில் மஞ்சள் பெயின்டில் கட்டங்கள். பாஷா தன் செருப்பைக் கட்டத்துக்கு வெளியே கழற்றிவிட்டார். அது அவருக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

சுசித்ரா கதவைத் திறந்தாள். முப்பதைத் தாண்டாத வயது. ஸ்டீராய்டு அவள் முகத்தை வட்டமாக ஊதியிருந்தது. அந்த வட்டத்துக்கு நடுவில் கண்கள் மட்டும் பழைய ஆளாகவே இருந்தன. வேறு யாரோ ஒருத்தியின் முகத்தில் அவள் வாடகைக்குக் குடியிருப்பது போல.

“உக்காருங்க. அந்த சேர் வேணாம், அது அவரோட சேர். டேப் ஒட்டியிருக்காரு பாருங்க.”

“நீங்க எதுல உக்காருவீங்க?” என்றாள் வினோதா.

“எனக்கு இன்னும் டேப் ஒட்டல.” சுசித்ரா சிரித்தாள். உடனே இருமினாள். கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்து, மடித்து, யாரும் பார்க்காதபடி உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். பாஷா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“சார், அவர் உங்களைத் திருடியைப் பிடிக்கச் சொல்லியிருப்பாரு. எனக்குத் திருடி வேணாம். ஒரே ஒரு பதில் வேணும். மருந்து என் உடம்புல தோத்துப் போச்சா, இல்ல உள்ள போனது மருந்தே இல்லையா? தோத்துப் போச்சுன்னா திங்கக்கெழமை பழைய காலத்து மருந்துக்கு மாத்தறாங்க. அது உயிரைக் காப்பாத்தும். ஆனா கருமுட்டையை அழிச்சிடலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அப்புறம் குழந்தைங்கறதை நான்...” அவள் முடிக்கவில்லை. “மருந்தே இல்லன்னு தெரிஞ்சா, இன்னொரு தடவை இதையே கேக்கலாம். எனக்கு அந்த இன்னொரு தடவை வேணும்.”

“உங்க வீட்டுக்காரர்கிட்ட இதைச் சொன்னீங்களா?”

“சொன்னன். ‘ரூட் காஸ் தெரியாம முடிவெடுக்கக் கூடாது’ன்னாரு.”

“எல்லாரும் பொண்டாட்டியை ‘செல்லம்’னு கூப்பிடுவாங்க. இவரு ‘மீட்டிங்’னு கூப்பிடுவாரு போல” என்று வினோதா முணுமுணுத்தாள்.

இரண்டாவது தவணை மருந்து இன்னும் வீட்டில்தான் இருந்தது. முதல் தவணை ஏற்றிய அன்று வெங்கட் ஆஸ்பத்திரிக்கு மொத்தமாகக் கொண்டுவந்ததில் மீந்து, அதன் பிறகு வீட்டுக்கு வந்தது. சுசித்ரா ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு தெர்மாகோல் பெட்டியை எடுத்தாள். உள்ளே இரண்டு சிறிய அட்டைப் பெட்டிகள். மேலே இருந்ததில் பொட்டு இருந்தது. பொட்டு என்று சொல்ல முடியாது. சந்தன வட்டம் பரவியிருந்தது. அதன் நடுவிலிருந்து குங்குமம் கரைந்து, ஒரு சிவப்புக் கோடாக அட்டையின் ஓரம் வரை ஓடிக் காய்ந்திருந்தது. அழுத கண்ணிலிருந்து மை ஓடியது போல. அட்டையும் நனைந்து காய்ந்து அலையலையாக நெளிந்திருந்தது.

பாஷா பெட்டிகளைத் திறந்து கண்ணாடிக் குப்பிகளை வெளிச்சத்தில் பிடித்தார். முதலாவது நன்றாக இருந்தது. இரண்டாவதின் அடிப்பாகத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல்.

“இது கீழ விழுந்துச்சா?”

“இல்ல சார். அவர் கையில இருந்து இந்த வீட்ல எதுவும் விழாது.”

“வினோதா, இதை மோந்து பாரு.”

அவள் சந்தனத்தை முகர்ந்தாள். முகம் மாறியது. “சார், இது எங்கப்பா வாசனை.”

“என்னது?”

“எங்கப்பா லேத்துல வேலை பாத்தாரு. சாயங்காலம் வீட்டுக்குள்ள வந்தா இந்த வாசனைதான் மொதல்ல வரும். இரும்பு வெட்டறப்ப சூடு அடங்க ஊத்துவாங்களே, கூலண்ட்டு. எங்கம்மா எத்தனை சோப்பு போட்டுத் தொவைச்சாலும் போவாது.”

பாஷா ஃப்ரிட்ஜின் கதவைச் சாத்தி அதன் வெள்ளை முகத்தைப் பார்த்தார். பின்பு மிக்ஸியை, டிவியை, வாசலில் நின்ற ஸ்கூட்டரை. ஒன்றிலும் ஒரு துளி சந்தனம் இல்லை.

“இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு நீங்க இதுக்கெல்லாம் பொட்டு வெக்கலயா?”

“பூஜையே போடல சார். பூஜைக்கு முந்தின வாரம் அவரோட பெரியப்பா தவறிட்டாரு. தீட்டு. விளக்குகூட ஏத்தல.”

“அப்ப இந்தப் பொட்டு?”

சுசித்ரா பெட்டியைப் பார்த்தாள். எத்தனையோ நாளாகத் தன் ஃப்ரிட்ஜில் இருந்த ஒன்றை முதல் முறையாகப் பார்க்கிறவளின் பார்வை. “கடையில வெச்சிருப்பாங்கன்னு நெனச்சன்” என்றாள் மெதுவாக.

“கடையில கூலண்ட் எதுக்கும்மா?” என்றார் பாஷா.

*

சிப்காட்டில் ஒரு தொழிற்சாலைக்குள் நுழைவது கஷ்டம் என்று நினைக்கிறவர்கள் கையில் ஃபைல் இல்லாமல் போகிறவர்கள். வினோதா ஒரு ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு, “காலிபரேஷன், மீட்டர் செக்கிங். ஆடிட்டுக்கு முன்னாடி முடிக்கணும். உங்க பேரையும் எழுதிக்கட்டுமா?” என்றாள். செக்யூரிட்டி தன் பெயர் எங்கும் எழுதப்படக் கூடாது என்ற ஒரே வேண்டுதலோடு கேட்டைத் திறந்தார். ஃபைலுக்குள் இருந்தது பரோட்டாக் கடையின் மெனு.

உள்ளே ‘குறைபாடு பூஜ்யம் நம் குறிக்கோள்’ என்று ஒரு பேனர் தொங்கியது. அதன் ஒரு முனை அவிழ்ந்து ஆடிக்கொண்டிருந்தது. கேட்டருகே உடைத்த பூசணிக்காயின் சிவப்பு இன்னும் சிமெண்ட்டில் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு மிஷினின் நெற்றியிலும் காய்ந்த சந்தனம், வாடிய சாமந்தி. கடவுளும் குவாலிட்டியும் ஒரே சுவரில் இடம் பிடிக்கச் சண்டை போடும் இடம் அது. வழக்கம்போல இருவருமே வேலையைப் பார்க்கவில்லை என்று பாஷா நினைத்துக்கொண்டார்.

சோதனை அறையில் மாதேஷ் என்ற டெக்னீஷியன் இருந்தான். சூளகிரிப் பக்கத்துக்காரன். யாராவது வந்து பேச மாட்டார்களா என்று காத்திருந்தவன் போல மலர்ந்தான். அவனுக்குப் பின்னால், பீரோ அளவுக்கு ஒரு வெள்ளை இயந்திரம் நின்றது. கண்ணாடி ஜன்னல் வைத்த கனமான கதவு. கதவின் மேல் சந்தனப் பொட்டு.

“இது என்னாப்பா? பெரிய ஃப்ரிட்ஜா?”

“ஃப்ரிட்ஜா! சார், இது தெர்மல் சேம்பர். வண்டியில போடற பாகம் காஷ்மீர் குளிரையும் தாங்கணும், ராஜஸ்தான் வெயிலையும் தாங்கணும்ல? இதுக்குள்ள போட்டு உறைய வெப்போம், சூடாக்குவோம், மறுபடி உறைய வெப்போம். எத்தனை டிகிரி சொல்றீங்களோ அத்தனை. அரை டிகிரிகூடத் தப்பாது.”

“நாலு டிகிரி வெச்சா?”

“நாலுன்னா நாலுதான் சார்.” மாதேஷ் குரலைத் தாழ்த்தினான். “எங்க குவாலிட்டி சார்கூட அவரோட ஏதோ அட்டை டப்பாங்களை உள்ள வெச்சிருந்தாரு. யாரும் தொடக் கூடாதுன்னாரு. சொந்தப் பொருளை இங்க வெக்கக் கூடாதுங்க, வேலையே போயிடும். அவரே எழுதின ரூல்தான். அதனால நாங்க கண்டுக்கல.”

“பூஜையன்னிக்கும் உள்ளதான் இருந்துச்சா?”

“ஆமா சார். எல்லா மிஷினும் தொடைச்சோம். மெயினை ஆஃப் பண்ணி ராத்திரி பூரா ஓய்வு குடுத்தோம். அன்னிக்காவது தூங்கட்டும்னு. சந்தனம் கொழைக்கத் தண்ணி கேன் காலி. அதனால கூலண்ட்டு ஊத்திக் கொழைச்சோம். மிஷின் மேல அப்பத்தான் நல்லா ஒட்டும்.” அவன் சிரித்தான். “உள்ள இருந்த டப்பாங்கள்ல ஒண்ணுக்கும் ஒரு பொட்டு வெச்சன். பாவம், அதுவும் ஏதோ வேலை செஞ்சினு இருக்குமில்ல?”

“அதுதான் இந்தக் கம்பெனியிலயே ஒழுங்கா வேலை செஞ்சினு இருந்தது” என்றாள் வினோதா.

“மறுநாள்?”

“மறுநாள் நல்ல நேரம் பாத்து கற்பூரம் காட்டி எல்லா மிஷினையும் ஒரு தடவை ஓட விடுவோம். மாதப்பன் அண்ணன் தேங்கா ஒடைச்சாரு, நான் மெயினைப் போட்டன். சேம்பரும் ஓடுச்சு. சாமி கும்பிட்டு, பொரி வாங்கினு, எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டோம்.”

“நாலு டிகிரியில ஓடுச்சா?”

மாதேஷ் திரும்பிச் சேம்பரைப் பார்த்தான். “இல்ல சார். நாலுங்கறது கையால வெக்கறது. கரண்ட்டு போனா மறந்துடும். திரும்பப் போட்டா உள்ள இருக்கற பழைய புரோகிராம்தான் ஓடும். உறைய வெக்கறது, எடுக்கறது, உறைய வெக்கறது. அடுத்த வேலை நாள்ல சார் வந்துதான் மறுபடி நாலு வெச்சாரு.”

“உங்க சார் பூஜைக்கு வரலையா?”

“அவருக்குத் தீட்டாச்சே! கேட்டுக்கு வெளியிலயே நின்னுட்டுப் போயிட்டாரு. பொரிகூட வாங்கிக்கல.”

*

“தமிழ்செல்வியை எதுக்கு உள்ள விட்டாங்க?”

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில், சுசித்ராவுக்கு மருந்து எழுதிய டாக்டர் இரமின் அறைக்குள் நுழைந்ததுமே வெங்கட் கேட்ட முதல் கேள்வி அது. அட்டை கழுத்தில் ஆடியது. சுசித்ரா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சுவரோரம் தமிழ்செல்வி நின்றாள். யூனிபார்ம் இல்லை, சாதாரணப் பருத்திப் புடவை. ஹேண்ட்பேகை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“நான் கூப்பிட்டன்” என்றார் பாஷா. “கொட்டின பேகை யாராவது அள்ளிக் குடுக்கணும்ல?”

“மருந்தை யார்கிட்ட வித்தா?”

“யார்கிட்டயும் இல்ல. பெங்களூர்ல நீங்க வாங்கினது நல்ல மருந்து. இவங்க ஏத்தினதும் அதே மருந்து. ஆனா ஏத்தறதுக்கு முன்னாடியே அது செத்துப் போச்சு.” பாஷா அட்டைப் பெட்டியை மேஜையில் வைத்தார். “வீட்ல பூஜை இல்ல. மருந்து மேல பொட்டு இருக்கு. பொட்டுல கூலண்ட் வாசனை இருக்கு. குங்குமம் வழிஞ்சிருக்கு, அட்டை நனைஞ்சு காய்ஞ்சிருக்கு. உறைஞ்ச பொருள் வேர்த்தாத்தான் அப்படி ஆகும். ஒரு குப்பி கீழ விழாமயே விரிசல் விட்டிருக்கு. உள்ள உறைஞ்சா கண்ணாடி வேற என்ன பண்ணும்?”

வெங்கட்டின் கை தானாகவே அடையாள அட்டைக்குப் போனது.

“காலண்டரைப் பாத்துட்டு வீட்டு ஃப்ரிட்ஜ்னு சொன்னீங்க, மிஸ்டர் வெங்கட். ஹோசூர்லயே துல்லியமான பெட்டியில, நீங்களே போட்ட ரூலை மீறி வெச்சீங்க. அதுவரைக்கும் தப்பில்லன்னே வெச்சிக்குவோம். பொண்டாட்டி மேல இருந்த அக்கறைன்னுகூடச் சொல்லலாம். ஆனா அங்க மிஷினுக்கும் வருஷத்துல ஒரு நாள் ஓய்வு உண்டு. அது தூங்கி முழிச்சப்ப, உங்க நாலு டிகிரியை மறந்து, பழைய பாடத்தையே ஒப்பிச்சுது. மருந்து பனிக்கட்டியாச்சு, உருகுச்சு, மறுபடி பனிக்கட்டியாச்சு. பாக்கறதுக்குத் தண்ணி மாதிரி தெளிவாத்தான் இருந்திருக்கும். உள்ள ஒண்ணும் இல்ல. அடுத்த வேலை நாள் வந்து மறுபடி நாலு வெச்சப்பவே நீங்க இதை யோசிச்சிருக்கணும்.”

டாக்டர் இரம் விரிசல் விட்ட குப்பியைத் திருப்பிப் பார்த்தார். “உறைஞ்ச மருந்தை ஏத்திட்டு, மருந்து தோத்துப் போச்சுன்னு நான் முடிவெடுக்க முடியாது. ஒண்ணும் ஆகாம விட்டதே பெரிய விஷயம். பழைய மருந்துக்கு இப்ப மாத்தல. புதுசா ஒரு கோர்ஸ் மொதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம். நாளைக்கு நானே ஐஸ் பெட்டியில நேரா வரவழைக்கறன்.”

சுசித்ரா கண்களை மூடிக்கொண்டாள். எங்கோ தூரத்தில் மூடிக்கொண்டிருந்த ஒரு கதவு பாதியில் நின்றதைக் கேட்டவள் போல.

அறையில் எல்லாரும் வெங்கட் என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருந்தார்கள். அவர் அட்டையிலிருந்து கையை எடுத்தார். பாஷா ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்த ஆளை மன்னிக்கத் தயாரானார்.

“மெயினைப் போட்டது யாரு?” என்றார் வெங்கட். “மாதேஷா? பாத்தீங்களா? ஆபரேட்டர் மிஸ்டேக்!”

வினோதா சுசித்ராவைப் பார்த்தாள்.

சுசித்ரா கண்ணைத் திறந்தாள். குரலை உயர்த்தவில்லை. “அந்த டப்பாவை அதுக்குள்ள வெச்சது யாரு ஷிப்டுங்க?”

வெங்கட் அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே, தொலைந்தால் திருப்பி அனுப்ப வேண்டிய முகவரி இருந்தது.

“கம்ப்ளெயிண்ட் என்னாகும்?” என்று பாஷா கேட்டார்.

“குடுக்கல.”

“அவங்களைப் பாத்து சொல்லுங்க.”

வெங்கட் தமிழ்செல்வியின் பக்கம் திரும்பினார். அவள் முகம் வரை பார்வை போகவில்லை, ஹேண்ட்பேகோடு நின்றுவிட்டது. “மிஸ்கம்யூனிகேஷன் ஆயிருச்சு. வருந்துகிறேன்” என்றார், நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிற குரலில்.

“சார் மன்னிப்பு கேக்கறதுக்கும் ஒரு புரோகிராம் இருக்கு போல” என்றாள் வினோதா. “கரண்ட்டு போய் வந்ததும் பழசேதான் ஓடுது.”

வெங்கட் வெளியே போனார். தாழ்வாரத்தில் அவருடைய ஷூ சத்தம், அளந்து வைத்த அடிகளாகவே, கடைசிவரை கேட்டது.

தமிழ்செல்வியும் கிளம்பினாள். “நான் வரன் டாக்டர். கிருஷ்ணகிரியில ஒரு நர்ஸிங் ஹோம்ல வரச் சொல்லியிருக்காங்க.” ஹேண்ட்பேகைத் தோளில் மாட்டினாள். “இங்க இனி எந்த வார்டுல நின்னாலும் எல்லார் கண்ணும் என் பேக் மேலதான் இருக்கும்.”

கதவு வரை போனவளின் புடவை முந்தானையை ஏதோ தொட்டது. அவள் திரும்பினாள். சுசித்ரா எழுந்து வந்திருந்தாள். அவ்வளவு தூரத்துக்கே மூச்சு வாங்கியது. அவள் தன் சட்டையின் இடது கையை மேலே சுருட்டினாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, பழைய ஊசிகளின் காயங்கள் ஊதாவும் மஞ்சளுமாகப் பரவியிருந்தன. நடுவில் ஒரே ஓர் இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. ஒரே குத்தில் முடிந்த இடம்.

தமிழ்செல்வி அந்தக் கையைப் பார்த்தாள். பின்பு, வெங்கட் போன திறந்த கதவைப் பார்த்தாள். தோளிலிருந்த ஹேண்ட்பேகின் வாரை விரல்கள் இறுக்கின.

சுசித்ரா கையை நீட்டியபடியே கேட்டாள்:

“அக்கா, நாளைக்கு வர்ற மருந்தை நீங்களே ஏத்துறீங்களா?”